கணவாய்க்கு மூன்று இதயம்

என் மகளின் திருமணத்திற்குப் பின் நான் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டேன் என்று மட்டக்களப்பில் சிலர் பேசிக்கொண்டதாக அறிந்தேன். அது உண்மையன்று. என்னை ஒருவரும் அனுப்பவில்லை. நடந்ததை நடந்தவாறே எழுதிவைப்பது மகளின் பெயருக்கும் என் பெயருக்கும் நான் செய்யவேண்டியதொன்று எனக் கருதுகிறேன்.

கல்லூரியில் எமக்கு விலங்கியல் கற்பித்த பாதிரியார், வியப்பான செய்தியொன்றைச் சொல்லாமல் எந்த வகுப்பையும் முடிக்கமாட்டார். அந்தப் பழக்கம் என்னைப் பற்றிக்கொண்டது. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் மொழிபெயர்ப்பாளனாய் அமர்ந்த பின், கொழும்பிலிருந்து ரயிலில் வந்து வாசிகசாலை மேசையில் கிடக்கும் ஆங்கிலச் சஞ்சிகைகளில் அத்தகையவற்றை நானே தேடிக்கொண்டேன். முதலை கற்களை விழுங்கி வயிற்றில் வைத்திருக்கும். நம் கறிகளில் இன்றியமையாததாகிவிட்ட மிளகாயைப் போர்த்துக்கேயர் கப்பல் வரும்வரை இந்நாட்டில் ஒருவரும் கண்டதில்லை. நாம் அமரும் கதிரையும் துணி வைக்கும் அலுமாரியும் அவர்கள் விட்டுப்போன சொற்கள். ஊரில் பந்தயம் கட்டியவர்கள் தீர்ப்புக்கு என்னிடம் வருவதுண்டு. நிச்சயமாகத் தெரியாத ஒன்றை நான் சொன்னதில்லை.

இவையனைத்தையும் முதலிற் கேட்டவர் என் மனைவி. கணவாய்க்கு இதயம் மூன்று என்று நான் சொன்னபோது அவர் அடுக்களையில் கணவாயைத்தான் கழுவிக்கொண்டிருந்தார்.

"மூணு எண்டு சொல்றீங்க. நான் இத்தின வருசமா கழுவுறன், ஒண்டையும் காணல்லையே."

"கண்ணுக்குத் தெரியிற அளவில இல்ல. ரெண்டு செவுளுக்கு ரத்தம் அனுப்பும். மற்றது உடம்புக்கு."

"மறுகா?"

மறுகா என்றால் எங்கள் பக்கத்தில் 'பிறகு என்ன' என்று பொருள். எதைச் சொன்னாலும் அவர் அப்படிக் கேட்பார். அதற்கு விடை சொல்லவேண்டுமே என்பதற்காக நான் வாசிகசாலையில் ஒரு பக்கம் கூடுதலாய் வாசித்ததுண்டு. மிளகாய் வருமுன் கறிக்கு என்ன போட்டார்கள் என்று அவர் கேட்டார். மிளகு என்றேன். "அதுதான் அந்தக் காலத்து ஆக்களுக்குக் கோவம் கொறவு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஒரு மாரியில் கண்ட காய்ச்சலில் அவர் போய்விட்டார். வீட்டில் நானும் மகளும் எஞ்சினோம். அப்போதுதான் ஒரு செய்தியை நான் கவனித்தேன். உலகத்து மக்களின் விந்தையான வழக்கங்கள் பலவற்றை வாசித்திருந்தும், எங்கள் வழக்கம் அவற்றுள் ஒன்றென எனக்கு அதுவரை தோன்றியதில்லை. எங்கள் பகுதியில் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக வருவது. என் மனைவி ஒரு குடி, அவர் பெற்ற மகளும் அதே குடி. நான் என் தாயின் குடி. வீட்டு நிலமாகிய வளவும் மனைவிக்குத் தாய்வழியில் வந்தது. அதில் நான் கச்சேரிச் சம்பளத்தில் கல்வீடு கட்டினேன். கதவு நிலைகளுக்கு முதிரை மரத்தை நானே நின்று பார்த்து வாங்கினேன். அது யாருடைய வளவு என்று ஒருகணமும் எண்ணிப் பார்க்கவில்லை. எங்கள் ஆண்கள் எவரும் எண்ணுவதில்லை. மனைவி இருக்கும்வரை அவ்வீட்டுக்காரன் நான். அவர் போன பின், அந்த வீட்டில் வேறு குடியைச் சேர்ந்தவன் நான் ஒருவனே.

மகளுக்கு மாப்பிள்ளை பேசவந்த நாளில், முறைப்படி மாப்பிள்ளையின் தாய்மாமன் பேச்சைத் தொடங்கினார். அவர் வயல்கள் பல உள்ள போடியார், பேச்சில் வல்லவர். வீடும் வளவும் மகளுக்கே சீதனம் என்பதில் பேச ஒன்றுமில்லை. மாப்பிள்ளை இங்கே வந்து குடியிருப்பதும் வழக்கமே. வெற்றிலையை மடித்தபடி அவர் சுற்றிப் பார்த்தார்.

"நல்ல ஊடு. காத்தும் வருது. முன்னறை ஆருக்கு ஐயா?"

"அது என்ட புத்தகங்கள் இரிக்கிற அறை."

"அப்ப ஐயாவும் இஞ்சதான் இரிப்பீங்க. நல்லதுதான். மாப்பிள்ளைக்கு இங்கிலீசுப் பேச்சுத் தொணையும் ஆச்சு."

உடன் வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் தீய எண்ணத்தோடு பேசினார் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் நான் கட்டிய வீட்டில் எனக்கு இடமுண்டென்று பிறர் வாயாற் கேட்பதை நான் விரும்பவில்லை.

"நான் இஞ்ச இரிக்கப் போறதில்ல. கலியாணம் முடிஞ்ச கையோட வவுணதீவில தங்கச்சி ஊட்ட போறன். அது முன்னமே முடிவான விசயம்" என்றேன்.

தங்கையிடம் நான் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை. சபையிற் சொன்ன பின் அது முடிவான விடயமாயிற்று. கதவருகே நின்ற மகள் என்னைப் பார்த்தாள். விருந்தினர் முன் அவள் எதுவும் பேசக்கூடியவளல்லள். அவர்கள் போன பின் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் மனதை மாற்றிக்கொள்பவனல்லன் என்பதை அவள் அறிவாள்.

கச்சேரியிலிருந்து அதற்குள் ஓய்வுபெற்றிருந்த நான், திருமணம் முடிந்ததும் புத்தகப் பெட்டிகளோடு தோணியில் வாவியைக் கடந்தேன். கட்டிய கணவரை முன்பே இழந்திருந்த என் தங்கை, "இது உங்கட தாய் ஊடு அண்ணே, கேட்டா வரணும்?" என்றாள். அவள் மனம் நல்லது. ஆனால் அந்த வீடும் அதே வழக்கப்படி அவள் மகளுக்குப் போயிருந்தது. என் மருமகளான அந்த மகளின் கணவர் வட்டை என்னும் வயல்வெளியில் வேளாண்மை செய்பவர், மரியாதை மிக்கவர். நான் உள்ளே வரும்போதெல்லாம் எழுந்து நிற்பார். இருக்கச் சொன்னாலும் நான் போகும்வரை இருக்கமாட்டார். அதனால் அவர் உண்ணும் வேளையில் நான் வெளியே உலாவப் பழகினேன்.

ஒருநாள் அவரிடம் முதலையின் வயிற்றுக் கற்களைப் பற்றிச் சொன்னேன். "அப்படியா மாமா" என்றார். நின்றபடியே கேட்டார். மாடுகள் கத்தின. விடைபெற்றுப் போனார். அதன் பின் நான் அவ்வகைச் செய்திகளைச் சொல்வதை நிறுத்திக்கொண்டேன். சஞ்சிகைகள் வரவும் வழியில்லை. பழையவற்றையே திரும்ப வாசித்தேன்.

அறுவடை முடிந்திருந்த ஒரு காலையில், துறையை நோக்கி வரும் தோணியில் என் மகளைக் கண்டேன். என்னை அழைத்துப்போகவே வருகிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமிருக்கவில்லை. உள்ளே சென்று கச்சேரிக்கு அணிந்துவந்த கோட்டை அணிந்துகொண்டேன். சொல்லவேண்டியதை ஒழுங்குபடுத்தினேன். ஒரு தகப்பன் மகள் வீட்டுக்கு விருந்தினனாய் வரலாம், குடியிருப்பவனாய் வரலாகாது என்பது அதன் சாரம். அவள் மனம் நோகாதபடி அதை எப்படி முடிப்பதென்றும், அவள் இரண்டாம் முறையும் வற்புறுத்தினால் என்ன சொல்வதென்றும் எண்ணிவைத்தேன். இரண்டாவதற்குரிய விடை முதலாவதைப் போல் உறுதியாயிருக்கவில்லை.

அவள் வந்து என் காலைத் தொட்டு வணங்கினாள். உடல் கனத்திருந்தது. பேறுகாலம் நெருங்கியிருந்தது.

"சுகமா இரிக்கீங்களா அப்பா? கோட்டெல்லாம் போட்டிரிக்கீங்க, எங்கயும் போறதுக்கா?"

"இல்ல. சும்மாதான்."

"மாமியக் கூட்டிற்றுப் போக வந்தன். அம்மா இல்ல, அம்மாக்குக் கூடப்பொறந்த பொம்புளையும் இல்ல. பேறு பாக்க ஊட்டுல ஒரு பெரிய மனிசி வேணும்."

என் தங்கை அடுக்களையிலிருந்தே, "வராம இரிப்பனா புள்ள? நீ சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திரிப்பன். இந்த வயித்தோட தோணியில வாறதா, உன்ட மாப்பிள்ளைக்கு மூளை இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே உடுப்பை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள்.

துறைவரை உடன் சென்றேன். மகள் மெல்ல நடந்தாள். ஏதேனும் பேசவேண்டும் போலிருந்தது.

"மாரி நேரம் இந்த வாவியில மேல் தண்ணி நல்ல தண்ணியா இரிக்கும், அடியில உப்புத் தண்ணி. உப்புத் தண்ணி பாரம் கூட, அதுதான் கீழ போகுது. ஒரே தோணிக்கடியில ரெண்டு தண்ணி" என்றேன்.

"ஓம் அப்பா" என்றாள்.

'மறுகா' என்று கேட்பாளோ என நான் சற்றுக் காத்திருந்தேன். அவள் கரையில் வழுக்காமல் கால் வைப்பதிற் கவனமாயிருந்தாள். தங்கை அவளைத் தோணியில் ஏற்றி இருத்திய பின், மகள் திரும்பிப் பார்த்து, "புள்ள பொறந்த பொறகு வந்து பாருங்க அப்பா" என்றாள்.

விருந்தினனாய் வரலாம் என்றுதான் நானும் எண்ணிவைத்திருந்தேன். ஆகவே மறுப்பதற்கு எதுவும் இல்லை.

"வாறன்" என்றேன்.

தோணி அக்கரைக்குச் சிறிதாகும்வரை நின்று, வீட்டிற்குத் திரும்பினேன். என் தங்கை இல்லாத அந்த வீட்டில், சோற்றுக்கு முன் அமர்ந்திருந்த மருமகளின் கணவர் என்னைக் கண்டதும் கையைக் கழுவாமலே எழுந்து நின்றார். இருந்து சாப்பிடும்படி சொல்லிவிட்டு, கோட்டைக் கழற்றாமலே மீண்டும் வெளியே சென்றேன்.