உப்புப் போட்ட கடல்பாசி

போன வாரம் முழுக்க ஒரு மீனுக்காக ஜெபமாலை சொன்னேன். சிரிக்காதீர்கள்... முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் நசரத்பேட்டை வீட்டின் மாடி போர்ஷனில் ஜெரால்டு தம்பி குடியிருக்கிறார். கப்பலில் இன்ஜினியர். ஹாலில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறார். காசிமேட்டிலிருந்து கேன் கேனாகக் கடல் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பியது. உள்ளே எலுமிச்சம்பழ நிறத்தில், தட்டையாக ஒரு மீன். கூடவே நாலு நத்தை.

தங்கை கல்யாணத்துக்கு நாகர்கோவில் கிளம்பும்போது சாவியை என்னிடம் கொடுத்தார்.

"லைட்டை மட்டும் காலைல போட்டு சாயங்காலம் அணைச்சிடுங்கக்கா. சாப்பாடு எதுவும் போட வேணாம், அதுங்களே பார்த்துக்கும். பத்து நாள்தான். உங்கள நம்பித்தான் போறேன்."

சாப்பாடு போடாமல் ஒரு ஜீவனா? எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் சொன்ன பேச்சை மீறக் கூடாதே. சரி, சுத்தமாகவாவது வைத்திருப்போம் என்று தொட்டியைப் பார்த்தேன். கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி. நான் எட்டாம் கிளாஸ்தான் படித்தவள். ஆனால் என் வீட்டுப் பாத்திரத்தில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். விடுவேனா? புதுத் தேங்காய் நார் எடுத்து இரண்டு நாள் தேய்த்தேன். சோப்பு போடவில்லை — அவ்வளவு அறிவு இருக்கிறது. உள்ளே உதிரியாகக் கிடந்த கல்லையும் எடுத்துத் தேய்த்துப் போட்டேன்.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தொட்டி சோக்கா கீது மேரி. மீன் மூஞ்சிதான் டல்லா கீது," என்றார்.

அடுத்த இரண்டு நாளில் மீனின் வயிறு ஒட்டிப்போனது. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன்.

"மீன் எளைச்சுப் போச்சு தம்பி."

"தொட்டியில பாசி இல்லியாக்கா?"

"ஒரு பொட்டு இல்ல தம்பி. சுத்தமா தேய்ச்சுட்டேன்." பெருமையாகத்தான் சொன்னேன்.

அந்தப் பக்கம் கல்யாண வீட்டு பேண்டு வாத்தியம். அதற்கு மேல் குரலை உயர்த்தி, "அக்கா... அதுதான் அதோட சோறு," என்றார். "பரவால்ல. கடல்பாசி போடுங்க. தொட்டிக்குக் கீழ —"

லைன் கட். மறுபடி கிடைக்கவே இல்லை.

கடல்பாசிதானே? பூந்தமல்லி நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் வெள்ளை வெள்ளையாக நார் மாதிரி எடுத்துக் கட்டினார்.

"யாருக்கும்மா, ஒடம்பு சூடா?"

"மீனுக்கு பாய்."

என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "ஊற வெச்சுக் கொதிக்க வெச்சு, சர்க்கரை போட்டு ஆற வைங்க. கட்டியாயிடும். மீன் சாப்பிடலேன்னா நீங்க சாப்பிடுங்க."

கடல் மீனாயிற்றே! சர்க்கரைக்குப் பதிலாக உப்புப் போட்டுக் காய்ச்சினேன். ஒரு துண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். மீன் வந்து மூக்கால் ஒரு இடி இடித்துவிட்டுத் திரும்பிப் போனது. நத்தைகள் அதுகூடச் செய்யவில்லை. மிச்சத்தை இனிப்பு என்று நினைத்து வாயில் போட்ட ஒரே ஜீவன் என் வீட்டுக்காரர்தான்.

"இன்னாடி இது, கடலையே காச்சி வெச்சுகினு கீறே?"

மீன்களுக்கே பிரசங்கம் செய்த கோடி அற்புதர் அந்தோணியாரிடம் முழங்காலில் நின்றேன். பிரசங்கம் வேண்டாம் சுவாமி, சோறு கொடும்!

சனிக்கிழமை ஜெரால்டு தம்பி பெட்டியோடு நேராக வந்தார். லைட்டைப் போட்டார். மீனைக் காணோம். அவர் தொட்டியின் பக்கவாட்டில் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இங்க வாங்க."

தொட்டியின் பின்பக்கம், கல் அடுக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே, மீன் குறுகி நின்று மேய்ந்துகொண்டிருந்தது. அங்கே மட்டும் வெல்வெட் மாதிரிப் பச்சைப் பாசி. நத்தைகளும் அங்கேதான்.

"இங்க மட்டும் ஏன்க்கா தேய்க்கல?"

"கை எட்டல தம்பி."

அவர் சிரித்துக்கொண்டே தொட்டிக்குக் கீழ் அலமாரியைத் திறந்து, கறுப்பாக ஒரு தாளை எடுத்துக் கிழித்துப் போட்டார். ஜப்பானில் வாங்கிய காய்ந்த கடல்பாசியாம். தூசி துடைக்கும்போது நானும் பார்த்ததுதான் — கார்பன் பேப்பர் என்று நினைத்து அடுக்கி வைத்தேன்! மீன் பாய்ந்து வந்து பிய்த்துத் தின்றது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

என் சுத்தம் அதைப் பட்டினி போட்டது. என் குட்டைக் கை சோறு போட்டது. ஆண்டவர் எதையும் அளக்காமல் படைப்பதில்லை.

இதில் எனக்கு ஒரே ஒரு நஷ்டம். நேற்று தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொன்னால், வீட்டுக்காரர் உள்ளே பாசியை எட்டிப் பார்த்துவிட்டுத் தேங்காய் நாரைக் கீழே வைக்கிறார்: "பாவம் மேரி... யாரு சோறோ?"