குதிரைக்கு முதுகு காட்டிய பயணம்

செவ்வாய், காலை. நெடுந்தீவு இறங்குதுறையில் படகேறும்போது என் பையில் இரண்டு நீளக் காற்சட்டை, ஒரு போத்தல் நல்லெண்ணெய், அம்மா திணித்த ஒடியல் என்கிற காய்ந்த பனங்கிழங்கு. குதிரை வேலை பழக மட்டக்களப்புக்குப் போகிறேன் என்றதும் படகில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? இலங்கையிலேயே குதிரைகள் கட்டாக்காலியாகத் திரிகிற தீவு எங்களுடையது.

ஆனால் அந்தக் குதிரைகளை நாங்கள் தொடுவதில்லை. ஆளைக் கண்டால் ஓடிவிடும். கோடையில் தொட்டியில் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். அப்போதுதான் குடிக்க வரும். இருபத்தாறு வயதுவரை எனக்கும் குதிரைக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

வெல்லாவெளிப் பக்கம் ஒரு குதிரை லாயத்தில் பராமரிப்பு வேலை பழக்குகிறார்கள். பழகியவர்களைக் கடற்கரை ஹோட்டல்காரரும் வெளிநாட்டு லாயக்காரரும் எடுக்கிறார்களாம். முதலில் சில நாள் வைத்துப் பார்ப்பார்கள். தேறினால் ஆறு மாதப் பயிற்சி, தேறாவிட்டால் வீட்டுக்கு பஸ். வீட்டில் சித்தியின் தையற்கடை எனக்காகக் காத்திருந்தது. தையலோடு எனக்குக் கோபம் இல்லை. ஊசியில் நூல் கோர்க்கிற பொறுமைதான் இல்லை.

புதன், பகல். யாழ்ப்பாணத்தில் ஏறிய பஸ் மட்டக்களப்பில் இறக்கிவிட்டது. அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் தெற்கே களுவாஞ்சிக்குடி. ஓட்டோக்காரர் நானூறு ரூபாய் கேட்டார். "பாதையடியில இறக்கிவிட்டாக் காணுமா?" என்றும் கேட்டார். எந்தப் பாதை என்று தெரியாமலே தலையாட்டினேன். குருமண்வெளியில் வீதி வாவிக்குள் போய் முடிந்தது.

"பாதை எங்கை அண்ணை?"

"அந்தா, வந்துக்கிட்டிரிக்கி."

வாவியின் மேல் ஒரு பெரிய இரும்புத் தட்டு மிதந்து வந்துகொண்டிருந்தது. அதன்மேல் மோட்டார் சைக்கிள்கள், நெல் மூட்டைகள், குடை பிடித்த இரண்டு ஆசிரியைகள். இங்கே பாதை என்றால் இதுதான். நாம் பாதையைத் தேடிப் போக வேண்டாம், பாதையே நம்மைத் தேடி வரும். ஊருக்குள் கால் வைக்கும் முன்பே எனக்கு ஊர் பிடித்துப்போய்விட்டது. சூரியன் எழும் இந்தக் கரை எழுவான்கரை, விழும் அந்தக் கரை படுவான்கரை என்று பக்கத்தில் நின்ற ஆசிரியை சொல்லித்தந்தார்.

படுவான்கரையில், மண்டூர்த் துறையில், ஜெஸீமா ராத்தா மோட்டார் சைக்கிளோடு நின்றார். ராத்தா என்றால் ஏறாவூர் முஸ்லிம்கள் பேச்சில் அக்கா. கறுப்பு அபாயாவுக்குக் கீழே முழங்கால்வரை சப்பாத்து. வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போனவர், அந்த வீட்டு மகளின் குதிரைகளைப் பார்க்கப் போய் அடுப்படியை மறந்தவர். "சமைக்கப் போன நான் குதிரைக்கு வாக்கப்பட்டுட்டன்" என்றார். புல்லும் வெளியும் தேடி, இந்தப் பக்கம் குத்தகைக்குக் காணி எடுத்து மூன்று குதிரை வைத்திருக்கிறார்.

"நெடுந்தீவுப் புள்ளயா? அப்ப குதிரையோடயே பொறந்திருப்பீங்க."

ஒருநாளும் தொட்டதில்லை என்றேன். அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். அன்று மாலைக்குள் அக்கம்பக்கத்து வட்டைகளில் வயல் செய்கிறவர்கள்வரை செய்தி போய்விட்டது: குதிரைத் தீவிலிருந்து ஆள் வந்திருக்கிறது. ஒருவர் தன் எருமைக்கு வைத்தியம் கேட்டு வந்தார்.

வியாழன் முதல் சனி வரை சாணம் அள்ளினேன், புல் அறுத்தேன், உடம்பு தேய்த்தேன், குளம்புக்குள் சிக்கிய கல்லைக் கொக்கியால் கிண்டினேன். ராத்தாவின் முதல் சட்டம் இரண்டு வரி: குதிரைக்கு முதுகு காட்டாதே, கயிற்றைத் தளரவிடாதே. எனக்குத் தந்தது சூட்டி என்ற மண்ணிறப் பெட்டைக் குதிரை. நுவரெலியாவிலிருந்து வந்தது. சூட்டி என்றால் சிங்களத்தில் சின்னது. அந்தச் சின்னது வியாழக்கிழமையே என் கால் பெருவிரலில் ஏறி நின்றது. விரல் வீங்கியது, ஆனாலும் அன்று முழுக்க எனக்குச் சிரிப்பாகவே இருந்தது. அதன் கழுத்தில் முதன்முதல் உள்ளங்கையை வைத்தபோது இருந்த சூட்டை எப்படிச் சொல்வது? இத்தனை வருடம் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒன்று என் கைக்குக் கீழே மூச்சு விட்டது.

ஞாயிறு, காலை ஏழு மணி. ஞாயிறுகளில் குதிரையைக் களுவாஞ்சிக்குடிக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளை ஏற்றுவார்கள். அதற்குப் பாதையில் வாவியைக் கடக்க வேண்டும். என் சோதனையும் அதுதான். சூட்டியை நான் தனியாகப் பாதையில் ஏற்ற வேண்டும். ராத்தா முதலில் ஏறி, ஒரு மூலையில் கைகட்டி நின்றுகொண்டார்.

சூட்டி, பாதையில் ஏறுகிற பலகை விளிம்போடு நின்றுவிட்டது. இழுத்தேன், அது பின்னுக்கு இழுத்தது. தடவினேன், கெஞ்சினேன், வெல்லம் காட்டினேன். பாதைக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "புள்ள, ஆக்கள் சந்தைக்குப் போகணும்" என்றார். குதிரைத் தீவின் மானம் மண்டூர்த் துறையில் கப்பலேறிக்கொண்டிருந்தது, குதிரைதான் ஏறவில்லை. தையற்கடை கண்முன்னால் வந்தது.

பிறகு என்ன நினைத்தேனோ, ஒன்றும் நினைக்கவில்லையோ, கயிற்றின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு சூட்டிக்கு முதுகைக் காட்டினேன். தண்ணீர்த் தொட்டியை விட்டு நடப்பதுபோலப் பாதையின் நடுவுக்கு நடந்து, வாவியைப் பார்த்து நின்றேன். கயிறு தளர்ந்து தரையில் புரண்டது. பின்னால் இரும்பில் ஒரு குளம்பு தட்டியது. பிறகு இன்னொன்று. இயந்திரம் மெதுவாகக் கிளம்பியது. அக்கரைவரை நான் திரும்பவில்லை.

இறங்கும்போது மரக்கறிக் கடகத்தோடு வந்த பெண், "உங்கட தோள்ல மூஞ்ச வச்சிக்கிட்டே வந்திச்சி, தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும். என் தோள் நனைந்திருந்தது.

ராத்தாவின் முகம் சிவந்திருந்தது. "நான் சொல்லித் தந்த ரெண்டையும் ஒரே நேரத்தில மீறிட்டீங்க. ஒதச்சிருந்தா முதுகெலும்பு போயிரிக்கும்." நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு குரலைத் தணித்தார். "பின்னேரம் திரும்பக்குள்ள என்ட முறையில ஏத்துங்க. ஏறினா நீங்க இருங்க."

கடற்கரையில் பிள்ளைகள் போட்ட கூச்சல் ஒன்றும் என் காதில் விழவில்லை. பின்னேரம் கயிற்றைக் கட்டையாகப் பிடித்து, சூட்டியின் தோளோடு தோளாக நடந்தேன். பலகையடியில் நின்று மோந்தது. நானும் நின்றேன், இழுக்கவில்லை. அது முன்னங்காலைத் தூக்கி வைத்ததை இந்த முறை கண்ணால் பார்த்தேன். பாதைக்காரர் சந்தோஷத்தில் ஹோர்ன் அடிக்கப் போக, ராத்தா கைகாட்டி அடக்கினார். சிரித்துக்கொண்டுதான் அடக்கினார்.

புதன்கிழமை, ஆறு மாதத்துக்கு வேண்டிய உடுப்பு எடுக்க ஊருக்கு வந்தேன். அடுத்த நாள் படகேறுமுன் வெளித் தொட்டியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வழக்கம்போல நடந்தேன். பின்னால் குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு குளம்புச் சத்தம். குடித்த கட்டாக்காலிக் குதிரை தொட்டியடியில் நிற்காமல் என் பக்கம் வந்தது. என் உடுப்பில் சூட்டியின் வாசம் இருந்திருக்க வேண்டும். ராத்தாவின் சட்டப்படி நான் அதன் பக்கம் திரும்ப வேண்டும். ஆனால் நான் நின்றது எங்கள் ஊர் மண்ணில், இங்கே திரும்பினால் ஓடிவிடும். முதுகுப் பக்கம் மூச்சு சுட்டது. திரும்பாமல் நின்றேன், துறையில் படகு ஊதும்வரை.