ஆறாவது சத்தம்

மாமாவின் காருக்குச் சக்கரம் நான்கு, சத்தம் ஆறு. தங்கச் சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்தபோது சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவர் விட்டுப்போன வண்டி அது. இரண்டு கை மாறி, அம்மாவின் அண்ணனிடம் வந்து சேர்ந்தது. அவர் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எங்கள் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் கார் வைத்திருந்த ஒரே ஃபிட்டர் என்பதால் ஆனை வாங்கியவரைப் போல நடப்பார். ஆனை வாங்கி என்ன, அவர் வீட்டுச் சந்தில் அது நுழையாது. ஆகவே வண்டி நின்றதும், அதைப் பிரித்துப் பிரித்து மாட்டியதும் சுரங்கம் கொடுத்த எங்கள் லைன் வீட்டு வாசலில்தான்.

ஐந்து சத்தங்களை அவரே ஞாயிறுதோறும் ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டார். ஒன்று தளர்ந்துபோன கதவுக் கீல். இன்னொன்று சீட்டுக்கு அடியில் உருண்டுகொண்டிருந்த துரையின் காலி பாட்டில். அதைக் கண்டுபிடிக்கவே மூன்று ஞாயிறு ஆனது. ஆறாவதுதான் அகப்படவில்லை. இடது முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ‘டொக்’ என்று கேட்கும். லைன் பிள்ளைகளையெல்லாம் பம்பர்மேல் ஏற்றிக் குதிக்கச் சொல்லிவிட்டு, மாமா தரையில் படுத்துக்கொள்வார். ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியைக் காதில் வைத்து, நுனியால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் கேட்பார். பெரிய டாக்டர் என்று நினைப்பு.

அப்பா சுரங்கத்தின் ஆழத்தில் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் கோஷ்டிக்கு மேஸ்திரி. வெடி வைத்த இடத்துக்குள் முதலில் நுழைந்து, தலைக்குமேல் உள்ள பாறையை இரும்புக் கம்பியால் தட்டிக் கேட்பவர் அவர்தான். கணீரென்றால் நல்ல பாறை, பொத்தென்றால் உள்ளே விரிசல். சில சமயம் கம்பிக்கும் தெரியாது. அப்போது பாறை தானே சொல்லும். விழுவதற்கு முன்னால் சடசடவென்று லேசாக நெரியும். அதைக் கேட்டு ஒதுங்க ஒரு மூச்சு நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். ஆக, எங்களுக்குச் சோறு போட்டது அப்பாவின் காது.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தவரை மாமா கூப்பிட்டு, பம்பரை அமுக்கிக் காட்டி, சத்தம் எங்கிருந்து வருகிறது சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். அந்த ‘டொக்’ தெருமுனை வரை கேட்டது. அப்பா தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

“ஒண்ணும் கேக்கலியே மச்சான்.”

மாமா சிரித்தபடியே மறுபடி அமுக்கினார். அப்பா மறுபடியும் அதையே சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. வாசற்படியில் நின்றிருந்த அம்மாவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மாவுக்கு முன்பே சந்தேகம் இருந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் அப்பா திரும்புவதில்லை. சங்கு ஊதிவிட்டதா என்று என்னைக் கேட்டுக்கொண்டுதான் ஷிப்டுக்குக் கிளம்புவார். ஜலதோஷம், ஜலதோஷம் என்று சொல்லியே ஒரு வருஷம் ஓட்டியிருந்தார். சுரங்கத்துக்குள் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், அதனால் அங்கேயும் வெளியே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டினால் உள்ளே இறங்கத் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள், வேலையோடு வீடும் போய்விடும் என்பது அவருடைய பயம். ஆள் இருந்தால் குடிசையிலும் இருக்கலாம் என்று அம்மா அழுதாள். கடைசியில் மாமா ஒரு வழி சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பாவை வண்டியில் வைத்து ஓட்டுவது. சத்தம் வரும்போதெல்லாம் அப்பா சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறுநாளே தானே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போவது.

இதெல்லாம் பின்னால் நான் கோத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. எட்டு வயதில் எனக்குப் புரிந்ததெல்லாம் அப்பாவுக்கும் மாமாவுக்கும் பந்தயம் என்பதுதான். மாமா வம்புக்காரர். எப்போது பார்த்தாலும் அப்பாவைச் சீண்டிக்கொண்டிருப்பார். ஒரு தடவையாவது அப்பா ஜெயிக்கட்டும் என்று எனக்கு ஆசை.

மாரிகுப்பம் போகிற சாலையில், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மண்மேட்டை ஒட்டி வண்டி போனது. நான் முன் சீட்டில் அப்பாவின் கால்களுக்கு நடுவில் நின்றிருந்தேன். முதல் பள்ளத்தில் ‘டொக்’ கேட்டது. அப்பா மண்மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் முகம் சுண்டிப்போனது. அடுத்தது பெரிய பள்ளம். நான் தடுமாறி அப்பாவின் முட்டியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“ஆங், இப்ப வந்துச்சு” என்றார் அப்பா.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பெரியவர்கள் சின்னப் பிள்ளையிடம் கெஞ்சுகிற மாதிரி பார்த்து நான் அதுவரை கண்டதில்லை. எனக்கு ஒரே பெருமை. அப்புறம் ஒவ்வொரு ‘டொக்’குக்கும் நான் முட்டியை அமுக்கினேன், அவர் சொன்னார். சிலவற்றுக்கு, இது கொஞ்சம் பெரிசு என்று தானாகச் சேர்த்தும் சொன்னார். மாமாவும் லேசுப்பட்டவர் இல்லை. பள்ளமே இல்லாத ரோட்டில் போகும்போது இப்போது கேட்டதா என்று மடக்கினார். நான் கையை எடுத்துக்கொண்டேன். அப்பா இல்லையென்று தலையாட்டினார்.

வீடு திரும்பியதும் மாமா வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே கத்தினார்.

“உம் புருஷனுக்குப் பாம்புக் காதும்மா. நீ ஏன் சும்மா பயந்துக்கினு கீற?”

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்புறம் எழுந்து கறிக்குழம்பு வைத்தாள். அன்று சாயங்காலமே அப்பா வண்டிக்கு அடியில் நுழைந்து, முன் ஸ்பிரிங் பட்டையின் முனையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பம்பரை ஆட்டச் சொன்னார். இரண்டே ஆட்டத்தில், இங்கேதான் என்றார். பட்டையை மாட்டியிருக்கும் போல்ட்டைச் சுற்றிய புஷ் வளையம் தேய்ந்து, பட்டை அங்கே ஆடிக்கொண்டிருந்தது. மாமா லேத்தில் புதிதாகப் புஷ் கடைந்து வந்து மாட்டினார். சத்தம் போயே போய்விட்டது. அப்பா அதைக் கையால் கண்டுபிடித்தார் என்பது அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தும் ஒருவர் புத்தியிலும் உறைக்கவில்லை.

அதற்கப்புறம் எங்களுக்கு இருபது நாள் கிடைத்தது. காலை ஷிப்டுக்குப் போனவரைப் பத்து மணிக்கெல்லாம் ஆள் இறக்கும் கேஜில் மேலே தூக்கி வந்தார்கள். கூட இருந்த இரண்டு பேருக்குச் சிராய்ப்புகூட இல்லை. அவர்களில் ஒருவர் உடம்பெல்லாம் சேறோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்.

“பாறை சத்தம் குடுத்துச்சுக்கா. நாங்க ஒதுங்கிட்டோம். அண்ணனைக் கூப்ட்டுக் கூப்ட்டு கத்துனேன். திரும்பவே இல்ல.”

அம்மா சேதி கேட்டு ஓடிவந்திருந்த மாமாவின் பக்கம் திரும்பினாள்.

“காது நல்லா கேக்குதுன்னு நீதானண்ணா சொன்ன?”

மாமா வாசலில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தார்.

புத்த முறைப்படி பஞ்சசீலம் சொல்லி அடக்கம் முடிந்து எல்லோரும் வந்த பிறகு, அவர் காரின் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் சோதித்துத்தானே அனுப்பினேன், என் கண்ணெதிரேதானே சொன்னார் என்று முனகிக்கொண்டிருந்தார். என் மனசில் ஓடியது வேறு. அப்பா பந்தயத்தில் நியாயமாக ஜெயிக்கவில்லை. செத்துப்போனவர்மேல் அந்தப் பொய் நிற்கக் கூடாது, மாமாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் போய்ச் சொன்னேன். சத்தம் வந்தபோதெல்லாம் நான்தான் அப்பா முட்டியை அமுக்கினேன், அவருக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை என்றேன்.

மாமா என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார்.

“இல்ல கண்ணு. நான் பாத்துக்கினுதான இருந்தேன். நீ அமுக்கறதுக்கு முன்னாடியே அப்பா சொல்லிட்டாரு. அவருக்குக் கேட்டுச்சு. இத நீ யாருகிட்டயும் சொல்லாத. அம்மாகிட்டகூட.”

அது பொய் என்று எனக்குப் பிடிபடவில்லை. மாமா ஒருவழியாகத் தோல்வியை ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். அந்தத் துக்கத்திலும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதைச் சொல்ல இன்று வெட்கமாக இருக்கிறது.

அம்மா அதன் பிறகு தன் அண்ணனோடு பேசவே இல்லை. பாவி, தைரியம் சொல்லி அனுப்பிவைத்தானே என்று ஊரெல்லாம் கேட்கத் திட்டினாள். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. மாதாமாதம் அரிசி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, என்னைத் தேடிப் பார்த்துத் தலையசைப்பார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அம்மாவுக்குப் பிடிக்காதவர் எனக்கு மட்டும் எதற்கு என்று நானும் திருப்பிக்கொள்வேன்.