இடப் பக்கக் கோடு

வார இறுதிகளில் கல்யாண வரவேற்புகளுக்குப் போய், விருந்தினர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து கொடுப்பேன். தி.நகர் மண்டபங்களில் மேடைக்குப் பக்கத்திலேயே மேசை போட்டுவிடுவார்கள். பென்சிலில் முகம் வந்துவிடும். மை ஏற்றும்போதுதான் உயிர் போய்விடும். பேனாக் கோடு எங்கும் ஒரே தடிமனில், கம்பியை வளைத்ததுபோல் நிற்கும்.

அதனால் தூரிகையும் மைப்புட்டியும் வாங்கி, மந்தைவெளி வீட்டில் மனைவியை வரைந்து பழக ஆரம்பித்தேன். அவள் பள்ளி ஆசிரியை. சாப்பாட்டு மேசையில் அவள் விடைத்தாள் திருத்துவாள். நான் எதிரே உட்கார்ந்து வரைவேன்.

ஒரு காலையில், வாய் கொப்பளித்த தண்ணீர் அவளுடைய இடது கடைவாய் வழியே ஒழுகியது. இடது கண்ணும் மூடவில்லை. ஆட்டோ பிடித்து ஓடினோம். பக்கவாதம் இல்லை, முக நரம்பு வீங்கியிருக்கிறது, பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார் மருத்துவர். அவள் பள்ளிக்கு விடுப்புச் சொன்னாள். வீட்டுக்கு யாராவது வந்தால் துப்பட்டாவால் வாயை மறைத்துக்கொண்டாள். தூங்கப் போகுமுன் அந்த இமையை விரலால் மூடி, பிளாஸ்திரி ஒட்டிவிடுவேன். தூரிகையைத் தொடவே மனம் வரவில்லை.

ஒரு சாயங்காலம் அவளே கேட்டாள்.

“என்னை ஏன் வரையறதே இல்ல?”

“முதல்ல சரியாகட்டும்.”

“ஊர்ல இருக்கறவங்க மூக்கையெல்லாம் இழுத்து நீட்டற. என் வாய் தானாவே இழுத்துக்கிட்டிருக்கு. உனக்குப் பாதி வேலை மிச்சம்.” பேச்சு குழறியது. கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: “இருக்கற மாதிரியே போடு. ஆனா அழகா போடு.”

உட்கார்ந்தேன். வழக்கமாகப் பென்சில் கோட்டின்மேல் பயந்து பயந்து மை ஓட்டுவேன். அன்று கோட்டைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன். வலக் கன்னத்தில் தூரிகையை அழுத்தினேன். இடப் பக்கம் வந்ததும் கை தானாக லேசாகிவிட்டது. நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே இழுப்பு. முடிவில் இழையாக மெலிந்தது.

ஈரத்தில் வண்ணம் வைத்தால் மை கலங்கிவிடும். காயும்வரை அவள் உதட்டோரத்தை விரலால் பிடித்துக்கொண்டு காபி குடித்தாள். பிறகு பழுப்பை நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு. அது காய்ந்தபின் தாடைக்குக் கீழே ஊதா கலந்து இன்னொன்று. ஜன்னல் வெளிச்சம் விழுந்த கன்னத்தில் வண்ணம் பூசாமல் காகித வெள்ளையை அப்படியே விட்டேன்.

“கண்ணு ஏன் இவ்ளோ பெருசு?”

“மூட மாட்டேங்குதே.”

அவள் சிரித்தாள். பாதி முகம்தான் சிரித்தது. துப்பட்டா தோளிலேயே கிடந்தது.

அதன்பின் பல சாயங்காலங்கள் வரைந்தேன். நாளாக ஆக இமை மூடத் தொடங்கியது; இடப் பக்கக் கோட்டுக்கும் அழுத்தம் தேவைப்பட்டது.

பள்ளிக்குத் திரும்பிய அன்று அந்த முதல் படத்தை எடுத்துப் போனாள். “பசங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே காட்டிடறேன்.”

மாலையில் வந்து செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள். “எல்லாம் ஒரே சிரிப்பு. ஒரு பொண்ணு மட்டும் பக்கத்துல வந்து, வலிச்சுதா மிஸ்னு கேட்டா.”

“என்ன சொன்ன?”

“வலிக்கல, பயமா இருந்துச்சுன்னு சொன்னேன்.”

என்னிடம் அவள் அதைச் சொன்னதே இல்லை. காபி போடக் கிளம்பியவளை உட்காரவைத்துவிட்டு நான் பால் காய்ச்சப் போனேன்.