ஜன்னல் வழியாகச் சொன்னது

தைராய்டு புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, கதிரியக்க அயோடின் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் தனி அறை, தனித் தட்டு. குழந்தைகள், கர்ப்பிணிகள் யாரும் அருகில் வரக்கூடாது என்றார் டாக்டர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். என் உடம்பிலிருந்து கதிர் வரும் என்று வெளியே சொல்லப் பயந்து, சொந்தக்காரர்களிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

நான்காம் நாள் பௌர்ணமி. கீழ்பென்னாத்தூரிலிருந்து கிரிவலம் வந்த நாத்தனார், மகளோடும் கைக்குழந்தைப் பேரனோடும் கதவைத் தட்டினார். வீட்டில் வேறு யாருமில்லை. மூச்சுக் காட்டாமல் படுத்திருந்தேன். பாழாய்ப்போன போன் அடித்துவிட்டது.

"உள்ளதான் இருக்கா. கதவத் தொறக்க மாட்டாளாம் மகாராணி!"

மறைத்து மறைத்து ஓய்ந்துபோயிருந்தேன். ஜன்னலைத் திறந்து, "அண்ணி, குழந்தையத் தூக்கினு தள்ளிப் போயிடுங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பேரனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இனி இந்த வாசலை மிதிக்கமாட்டார் என்றே நினைத்தேன். ஆனால் தெருமுனையில் பேரனை மகளிடம் கொடுத்துவிட்டு, தனியாகத் திரும்பி வந்து கேட் அருகே நின்றார்.

"இங்க நின்னா பரவால்லியா? ஏன்டி, இவ்ளோத்தையும் ஒத்தையா வச்சினு இருந்தியா? சாப்டியா, இல்லியா?"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். யாரும் கிட்டே வரக்கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார். யாரிடமும் சொல்லக்கூடாது என்பதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.