மாமாட்டச் சரணடைஞ்ச கூட்டாளி

இண்டைக்கு எனக்கொரு துரோகம் நடந்தது.

நானும் செட்டிபாளையத்தில இருக்கிற என்ட கூட்டாளி சுதனும் மூண்டு கிழமையா போனில ஒரு யுத்த கேம் விளையாடுறம். ரெண்டு பேரும் ஒரே கூட்டணி. எதிரிட கோட்டை ஒண்டுதான் மிச்சம். அத அடிக்கச் சொல்லி என்ட கப்பல் எல்லாத்தையும் சுதனுக்குக் குடுத்திட்டு, கல்லடியில பஸ்ஸுக்கு நிண்டு பார்த்துக்கொண்டிருந்தன்.

திரையில வந்துது: "உங்கள் கூட்டாளி எதிரியிடம் சரணடைந்தார்."

என்ட கப்பலும் அவனோட போச்சு.

உடனே கோல் எடுத்தன். "டேய், வெல்லப்போற நேரம் என்னத்துக்குடா சரணடைஞ்ச?"

அவன் குரலத் தாழ்த்திச் சொன்னான். "மச்சான், அந்த எதிரி என்ட மாமாடா! இப்பதான் கண்டுபிடிச்சன். பக்கத்துக் கதிரையில இருந்து விளையாடுறார்."

"அதுக்கு?"

"கலியாணம் முடிச்சு மனிசிர வீட்டில இருக்கிறவன்டா நான். மாமாட கோட்டைய உடைச்சுப்போட்டு எந்த முகத்தோட அவருக்கு முன்னால சோத்துக்கு இருக்கிற?"

பின்னால மாமாட குரல் கேட்டுது. "மருமகன், அந்தத் தம்பியையும் சரணடையச் சொல்லுங்க. இண்டைக்கு இறால் கறி."

நான் மானஸ்தன். கோல கட் பண்ணிட்டன்.

இப்ப எனக்குப் புதுக் கூட்டாளி ஒருத்தர் வேணும். கலியாணம் முடிச்சும் மாமா வீட்டில இல்லாத ஆம்பிளையள் ஆராவது மட்டக்களப்பில இருந்தா கொமன்டில வாங்க.

சத்தம் போடாம வாங்க. நானும் என்ட மாமா வீட்டு விறாந்தையில இருந்துதான் இத எழுதுறன்.