இருமல் நின்ற நாள்

ஆஸ்பத்திரியிலிருந்து கொட்டாஞ்சேனை வீட்டுக்கு அப்பாவும் நானும் நடந்துகொண்டிருந்தோம். பஸ்ஸில் ஏற அவர் மறுத்துவிட்டார். பக்கவாதத்தில் கோணிய வாயிலிருந்து எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. அதை நாலு பேர் பார்ப்பதைவிட, காலை இழுத்துக்கொண்டு வெயிலில் நடப்பது அவருக்கு மேலாகப் பட்டது. ஒரு கை என் தோளில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் வாய்க்கும் தொண்டைக்கும் பயிற்சி கொடுத்த மிஸ், எனக்குப் பள்ளிக்கூடச் சிங்களம் தெரியும் என்பதால் எல்லாவற்றையும் என்னிடமே சொல்லியிருந்தார். நாக்கை நீட்டி மூக்கைத் தொடப் பார்க்க வேண்டும். கன்னத்தை உப்பிக் காற்றைப் பிடித்து வைக்க வேண்டும். கரண்டியை நாக்கால் எதிர்த்துத் தள்ள வேண்டும். தொண்டைக்குப் பலம் வரும்வரை நீராக ஓடுகிற எதையும் குடிக்கக் கூடாது, கூழ் பதத்தில் கரண்டி கரண்டியாகத்தான்.

அப்பா என்னோடு விளையாடியதே இல்லை. ஒருகொடவத்தையில் கண்டெய்னர் லாரிகளிலிருந்து சுமை இறக்கிவிட்டு வந்தால் சாப்பிடுவார், படுப்பார். இப்போது காலையும் மாலையும் எனக்கு எதிரே உட்கார்ந்து நாக்கை நீட்டினார். நானும் நீட்டினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிச் சிரித்தார்கள். எனக்கு அது நல்ல காலமாகவே இருந்தது.

அப்போதுதான் அட்டன் மலைப்பக்கத்திலிருந்து மாமா வந்தார், அம்மாவின் அண்ணன். தான் வேலை செய்யும் தோட்டத்துத் தேயிலைத்தூள் ஒரு பை கொண்டுவந்திருந்தார். மலையிலிருந்து வந்த தூளில் போட்ட தேநீரை வேண்டாம் என்பது, எங்கள் ஆட்களிடையே, கொண்டுவந்தவரை வாசலிலேயே நிறுத்துவது போல. அப்பாவுக்கும் கூழ் அலுத்துப்போயிருந்தது.

மிஸ் வேண்டாம் என்று சொன்னதை நான் சொன்னேன்.

"மிஸ் நம்ம தோட்டத்துத் தேத்தண்ணி குடிச்சிருக்க மாட்டாங்கடா," என்றார் மாமா. "மச்சான், ஒரு வாய்."

முதல் வாய்க்கே அப்பா கண் பிதுங்க இருமினார். மறுநாளும் கேட்டார். மாமா தங்கியிருந்த நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். இருமல் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் முழுக் கோப்பையும் சத்தமில்லாமல் இறங்கியது.

"அண்ணே, இருமலே வரலையே," என்று அம்மா சந்தோஷத்தில் அழுதாள்.

மாமா என் தலையைத் தட்டினார். "டாக்டரு நீதான்டா."

அப்பா ஏதோ சொன்னார். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கொழகொழத்தது. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பிறகு காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று வார்டில் வைத்துக்கொண்டார்கள். அப்பா வீடு திரும்பவில்லை. மயானத்திலிருந்து வரும் வழியெல்லாம் மாமா, இருமல் நின்று நல்லாகத்தானே இருந்தார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கும் அதுதான் விளங்கவில்லை. தடம் மாறி நெஞ்சுக்குள் இறங்கிய தேநீரை இருமித் தள்ளக்கூட அந்தத் தொண்டைக்குத் திராணி போய்விட்டது என்பதை, வளர்ந்து எங்கெங்கோ அலைந்த பிறகே ஒருவர் சொல்லக் கேட்டேன்.

மயானத்திலிருந்து வந்த மறுநாள் காலை, ஒருகொடவத்தையில் அப்பாவோடு சுமை இறக்கியவர்களுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன். முதல் கோப்பையை வாங்கியவர் இருமினார். பயந்துபோய் அதைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன். மற்றவர்கள் இருமாமல் குடித்தார்கள். அவர்களைப் பார்க்க நிம்மதியாக இருந்தது.